நோட்மெயிலரில் (நோட்.ஜேஎஸ்ஸில் மெயில் அனுப்பும் லைப்ரரி) 587 போர்ட்டுக்கு 'செக்யூர்: ஃபால்ஸ்' போடச் சொல்கிறார்களே, மெயில் பாதுகாப்பில்லாமல் போகுமா?

பெரும்பாலும் போகாது. ஏன் 'பெரும்பாலும்' என்பதற்குக் கீழே வருகிறேன்.

அந்த ஃபால்ஸைப் பார்த்து உங்கள் டீமில் யாரோ பதறியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் ஆபீஸிலும் இதே கூத்து நடந்தது. செக்யூரிட்டி ஆடிட்டுக்கு வந்தவர் செட்டிங்ஸ் ஃபைலில் அந்த ஒரு வரியைச் சிவப்பில் குறித்து, 'பாஸ்வேர்ட் வெளிப்படையாகப் போகிறது' என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார். "சார், 587-ல் இணைப்பு சாதாரணமாகத்தான் தொடங்கும். ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளை கொடுத்து டிஎல்எஸ் என்ற மறையாக்கத்துக்கு மாறின பிறகுதான் பாஸ்வேர்ட் போகும்" என்றேன். "அப்புறம் ட்ரூ என்று மாற்றுவதில் உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார். மேனேஜரும் தலையாட்டினார்.

மாற்றினோம். 'ராங் வெர்ஷன் நம்பர்' என்று எரர், ஒரு மெயிலும் போகவில்லை. நோட்மெயிலரில் ட்ரூ என்றால் இணைந்த நொடியிலேயே டிஎல்எஸ் என்று பொருள். 587-ல் சர்வர் முதலில் '220' என்று வெறும் எழுத்தில்தான் வணக்கம் சொல்லும். அந்த எழுத்துகளை டிஎல்எஸ் பதிப்பு எண் என்று நினைத்து வாசித்தால் வேறு என்ன எரர் வரும்? ட்ரூ சரியாக வேலை செய்வது 465 போர்ட்டில். நெட்வொர்க்கில் போவதைப் பார்க்க உதவும் வயர்ஷார்க்கில் பிடித்துக் காட்டிய பிறகுதான் ஃபால்ஸ் திரும்பி வந்தது.

டாக்குமென்டேஷனில் தெளிவாக எழுதியிருக்கிறதே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். எழுதியிருக்கிறது, நானும் படித்தேன். ஆடிட்டர் படிப்பது செட்டிங்கின் பெயரை மட்டும்தானே? நோட்மெயிலரைத் திட்டவும் இல்லை. நல்ல லைப்ரரி, அதுவும் இலவசம். இந்தக் குழப்பம் மெயில் அனுப்பும் மற்ற கருவிகளிலும் உண்டு. பிஹெச்பிக்கான பிஹெச்பிமெயிலரில் 'டிஎல்எஸ்' என்று கொடுத்தால் ஸ்டார்ட்டிஎல்எஸ், 'எஸ்எஸ்எல்' என்று கொடுத்தால் ஆரம்பத்திலிருந்தே டிஎல்எஸ். பைத்தானின் ஜாங்கோவிலும் அப்படியே. டிஎல்எஸ்ஸுக்கு முன்பிருந்த எஸ்எஸ்எல்லின் கடைசிப் பதிப்பான 3.0-ஐ 2015-லேயே கைகழுவிவிட்டார்கள், பெயர் மட்டும் செட்டிங்குகளில் உட்கார்ந்திருக்கிறது. டாட்நெட்டுக்கான மெயில்கிட் பரவாயில்லை: 'எஸ்எஸ்எல் ஆன் கனெக்ட்', 'ஸ்டார்ட்டிஎல்எஸ்', 'ஸ்டார்ட்டிஎல்எஸ் வென் அவெய்லபிள்'. எப்போது மறையாக்கம் தொடங்கும், அது கட்டாயமா இல்லையா என்பது பெயரிலேயே தெரிகிறது.

சரி, அந்தப் 'பெரும்பாலும்'. சர்வர் ஸ்டார்ட்டிஎல்எஸ் தெரியும் என்று சொல்லாவிட்டாலோ, நடுவில் ஒருவன் சர்வரின் அந்த அறிவிப்பை நீக்கிவிட்டாலோ, ஃபால்ஸ் போட்ட இணைப்பு சத்தமில்லாமல் வெறும் எழுத்திலேயே தொடரும். அதனால் கூடவே 'ரிக்வயர்டிஎல்எஸ்: ட்ரூ' போடுங்கள். டிஎல்எஸ் கிடைக்காவிட்டால் மெயில் போகாது, அவ்வளவுதான். உங்கள் சர்வரில் 465 திறந்திருந்தால் இன்னும் நல்லது; 2018-ல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தர ஆவணம் பரிந்துரைப்பதும் அந்த வழியைத்தான்.

இதையெல்லாம் செட்டிங்ஸ் ஃபைலில் அந்த ஃபால்ஸ் வரிக்கு மேலே கமென்ட்டாக எழுதி வைத்திருந்தேன். புதிதாக வந்த லீட், "நல்ல கோடுக்கு கமென்ட் தேவையில்லை" என்று அழித்துவிட்டார். அவருடைய ஃபைல்களில் மாறிகளுக்குப் பெயரே டேட்டா1, டேட்டா2 தான். அதை யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று. சர்டிஃபிகேட் எரர் வந்தால், 'ரிஜெக்ட் அன்ஆதரைஸ்டு: ஃபால்ஸ்' போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். போடாதீர்கள், எதிரில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று பார்க்கும் சர்டிஃபிகேட் சரிபார்ப்பே நின்றுவிடும்.