மாரத்தானா, அயர்ன்மேனா: எதை முதலில் தொடுவது?

கேள்வி: எனக்கு வயது 38, சென்னையில் ஐ.டி. வேலை. சில அரை மாரத்தான்கள் ஓடியிருக்கிறேன். வரும் ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழு தூரம் ஓட ஆசை. நண்பர்களோ, "நேரா அயர்ன்மேனுக்கே வந்துடு, மாரத்தான் அதில் அடக்கம்தானே" என்கிறார்கள். நீச்சல் ஓரளவு தெரியும். எதற்குத் தயாராகலாம்?

பதில்: ஜனவரியில் மாரத்தான் ஓடுங்கள். நண்பர்கள் சொல்வது தூரக் கணக்கில் சரிதான். அயர்ன்மேன் என்றால் ஒரே நாளில் அடுத்தடுத்து 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அப்புறம் 42.2 கி.மீ. ஓட்டம், அதாவது ஒரு முழு மாரத்தான். ஹவாயில் தனித்தனியாக நடந்துவந்த கடல் நீச்சல், சைக்கிள் பந்தயம், ஹொனலுலு மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் கோத்துத்தான் 1978இல் முதல் அயர்ன்மேன் நடந்தது. ஆனால் இரண்டுக்குமான பயிற்சி உடம்பிடம் கேட்பது வேறு வேறு.

மாரத்தான் பயிற்சியில் அடி வாங்குவது கால். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. மூச்சு சில வாரங்களில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் முழங்கால் வலியும் கணைக்கால் எலும்பு வலியும் வருகின்றன. வாரம் நான்கு நாள் ஓட்டம் போதும், வார மொத்தத்தை 30 கி.மீ.யில் தொடங்கி 50, 55 வரை மெதுவாக ஏற்றுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இருக்கட்டும், 32 கி.மீ.யைத் தாண்ட வேண்டாம். கடைசி மூன்று வாரம் தூரத்தைப் படிப்படியாகக் குறையுங்கள்.

சென்னைப் புழுக்கத்தில் ஒரு வேலை அவசியம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால், இடையில் குடித்தது போக ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். நீண்ட ஓட்டங்களில் அது ஆபத்து, ரத்தத்தில் சோடியம் சரிந்துவிடும்.

அயர்ன்மேன் கேட்பது நேரத்தையும் வயிற்றையும். வாரம் 10 முதல் 15 மணி நேரம் வேண்டும். ஓட்டம் அதில் 40 கி.மீ. இருந்தாலே பலருக்குப் போதும். நீச்சலும் சைக்கிளும் காலை இடிக்காமல் இதயத்துக்கு வேலை கொடுத்துவிடுகின்றன. ஆனால் சனிக்கிழமை விடியலில் ஈ.சி.ஆரில் சைக்கிளை எடுத்தால் ஐந்து மணி நேரம் போய்விடும். வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வயிற்றை யாரும் யோசிப்பதில்லை. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொண்டால், ஒரு வாழைப்பழத்தில் இருப்பது சுமார் 25 கிராம். 180 கி.மீ.யை ஏழு மணி நேரத்தில் முடிப்பவர் அவ்வளவு நேரமும் மணிக்கு இரண்டு பழத்துக்கு மேல், அல்லது அதற்கு ஈடான எனர்ஜி ஜெல்லோ பானமோ, உள்ளே தள்ள வேண்டும். கடலைமிட்டாய் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் செரிக்கும். பயிற்சியில் பழக்காத வயிறு போட்டியன்று குமட்டும். சாப்பிடாமல் விட்டால் ஓட்டத்தில் கால் நகராது. மாரத்தானில் 30 கி.மீ. சுமாரில் வரும் அந்தச் சோர்வு, இங்கே ஓட ஆரம்பிக்கும்போதே வரக்கூடும். சைக்கிளை விட்டு இறங்கியதும் முதல் இரண்டு கி.மீ. தொடை மரத்துப்போய் நம் சொல்லைக் கேட்காது. சைக்கிள் பயிற்சி முடிந்த கையோடு கால் மணி நேரம் ஓடிப் பழகினால்தான் இது சரியாகும்.

உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தருவது அந்த 'ஓரளவு' நீச்சல்தான். குளத்தில் 25 மீட்டருக்கு ஒருமுறை சுவரை உதைத்துத் திரும்புகிறோம். அந்த ஓய்வு கடலில் கிடையாது. நீச்சல் பலத்தைவிட நுட்பம் சார்ந்தது, கைகூட மாதங்கள் பிடிக்கும். அதனால் மாரத்தான் பயிற்சி நடக்கும்போதே வாரம் இரண்டு நாள் பயிற்சியாளரிடம் ஃப்ரீஸ்டைல் கற்றுக்கொள்ளுங்கள். காலுக்கும் அன்று ஓய்வு.

மாரத்தானுக்குப் பிறகு மூன்று வாரம் லேசாக இருந்துவிட்டு, பாதி தூரமான அயர்ன்மேன் 70.3க்குப் போங்கள் (மொத்த தூரம் 70.3 மைல் என்பதால் அந்தப் பெயர்): 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். கோவாவில் 2019இல் இது தொடங்கியது, கடலில்தான் நீச்சல். அதை முடித்த பிறகும் ஆசை இருந்தால் முழு தூரத்தைப் பற்றி யோசிக்கலாம். விலை உயர்ந்த பந்தய சைக்கிள் இப்போது வேண்டாம். இருக்கிற சைக்கிளில் மூன்று மணி நேரம் உட்கார முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.