போருக்கு நடுவே தொடங்கிய அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமி எப்படி நிலைத்தது?

உள்நாட்டுப் போரின்போது அவசரமாகத் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமி 160 ஆண்டுகளைக் கடந்தும் எப்படி நிலைத்திருக்கிறது, அரசு உண்மையில் அதன் சொல்லைக் கேட்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரம் என்று நீங்கள் சொன்னது மிகையில்லை. 1863 மார்ச் 3, நாடாளுமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாள். மாசசூசெட்ஸ் மாநில செனட்டர் ஹென்றி வில்சன் கொண்டுவந்த சிறிய மசோதா அன்று நிறைவேறி, அன்றே லிங்கனின் கையெழுத்தையும் பெற்றது. கடலோர அளவைத் துறையின் தலைவர் அலெக்சாண்டர் டாலஸ் பேச், இயற்கையியலாளர் லூயி அகாசி முதலியோர் அடங்கிய ஒரு நட்பு வட்டமே இதைத் திட்டமிட்டது. ஸ்மித்சோனியன் ஆராய்ச்சி நிறுவனத்தின் செயலரும் அலெக்சாண்டர் பேச்சின் நெருங்கிய நண்பருமான ஜோசப் ஹென்றிக்கு இந்த யோசனையில் ஐயம் இருந்தது. அவருக்கு முன்கூட்டித் தெரிவிக்கக்கூட இல்லை. உறுப்பினர்களாக 50 பேரின் பெயர்கள் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தன. அந்தப் பட்டியலை யார் முடிவு செய்தது என்று விடுபட்டவர்கள் முணுமுணுத்ததில் நியாயம் உண்டு.

ஆயினும் அந்தச் சட்டத்தில் இருந்த ஒரு விதிதான் அகாதமியைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. அரசுத் துறை எது கேட்டாலும் அகாதமி ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். ஆகும் செலவை அரசு ஏற்கும், உழைப்புக்கு மட்டும் எந்த ஊதியமும் கிடையாது. ஊதியம் பெறாதவர், கேட்டவரின் மனம் கோணாதபடி பேச வேண்டிய கட்டாயம் இல்லாதவர். இரும்புக் கப்பல்களில் திசைகாட்டி பிசகுவதைச் சரிசெய்வது போன்ற போர்க்காலக் கேள்விகளுக்கு முதல் குழுக்கள் இப்படித்தான் பதில் தேடின.

போர் முடிந்ததும் கேள்விகள் குறைந்தன. 1867இல் அகாதமியின் முதல் தலைவரான பேச் இறந்தார். அடுத்த ஆண்டு தலைமையேற்றவர், தொடக்கத்தில் ஐயப்பட்ட அதே ஹென்றி. சொந்த ஆராய்ச்சியே உறுப்பினராவதற்குத் தகுதி என்று அவர் வலியுறுத்தினார். 1870இல் சட்டம் திருத்தப்பட்டு, 50 பேர் என்ற வரம்பும் நீங்கியது. 1878இல், மேற்குப் பகுதிகளில் ஒன்றோடொன்று போட்டியிட்டுக்கொண்டிருந்த நில அளவைக் குழுக்களை என்ன செய்வது என்று நாடாளுமன்றம் அகாதமியிடம் கேட்டது. அது தந்த பரிந்துரையை ஒட்டியே 1879 மார்ச் 3 அன்று அமெரிக்க நிலவியல் அளவைத் துறை உருவானது. தற்செயலாக அதுவும் ஒரு மார்ச் 3.

இன்று நாம் காணும் வடிவம் 1916க்குப் பிறகு வந்தது. முதல் உலகப் போர் நெருங்கியபோது, வானியலாளர் ஜார்ஜ் எல்லரி ஹேலின் முயற்சியால் தேசிய ஆராய்ச்சி மன்றம் அமைக்கப்பட்டு, உறுப்பினர் அல்லாத வல்லுநர்களையும் குழுக்களில் அமர்த்த வழி பிறந்தது. கௌரவப் பட்டியலாகச் சுருங்கியிருக்கக்கூடிய ஓர் அமைப்பு வேலை செய்யும் அமைப்பாக நீடித்ததற்கு இதுவே பெரிய காரணம். பொறியியலுக்கு 1964இலும் மருத்துவத்துக்கு 1970இலும் தனி அமைப்புகள் சேர்ந்தன. இப்போதும் குழு உறுப்பினர்கள் ஊதியமின்றியே பணியாற்றுகிறார்கள்; அறிக்கை வெளிவருமுன் வெளி அறிஞர்கள் அதை மதிப்பாய்வு செய்கிறார்கள்.

அரசு கேட்கிறதா என்றால், கேள்வி கேட்பது ஒன்று, பதிலுக்குச் செவி சாய்ப்பது வேறொன்று. 1979இல் வானிலை அறிவியலாளர் ஜூல் சார்னி தலைமையிலான அகாதமிக் குழு, காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் புவியின் சராசரி வெப்பம் 1.5 முதல் 4.5 டிகிரி செல்சியஸ் வரை உயரலாம் என்று கணித்தது. அந்த மதிப்பீட்டைப் பிற்கால ஆய்வுகள் பல பத்தாண்டுகள் பெரிதும் மாற்றவில்லை. ஆனால் கொள்கை அந்த வேகத்தில் நகரவில்லை. 2009இல் குற்றத் தடயவியல் முறைகள் பலவற்றின் அறிவியல் அடிப்படை பலவீனமானது என்று கூறிய அகாதமி அறிக்கை நீதிமன்ற வட்டாரங்களை உலுக்கியது. அது பரிந்துரைத்த தன்னாட்சி அமைப்பை மட்டும் நாடாளுமன்றம் உருவாக்கவில்லை.

இந்த ஏற்பாட்டின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். உறுப்பினர்களுக்கு ஊதியம் இல்லை என்றாலும், ஆய்வுகளுக்கான பணத்தில் பெரும்பகுதி அரசு ஒப்பந்தங்களிலிருந்துதான் வருகிறது. அரசு கேட்காவிட்டால் ஆய்வும் இல்லை என்ற நிலை எளிதில் வந்துவிடும். 2025இல், பசுமைக்குடில் வாயுக்கள் மக்கள் நலத்துக்கு ஆபத்தானவை என்ற 2009ஆம் ஆண்டு முடிவைக் கைவிடச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முன்மொழிந்தபோது, எந்தத் துறையும் அழைக்காமலேயே அகாதமிகள் சொந்த நிதியில் ஒரு விரைவு ஆய்வை நடத்தின. அந்தப் பழைய முடிவு சரியானதே என்றும், அதற்கான சான்றுகள் இன்று முன்னிலும் வலுவாக உள்ளன என்றும் அதே ஆண்டு செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டன.