தில்லியில் மானிடவியல் சேரத் ‘தகுதிச் சான்று’ வாங்க வேண்டுமா?

கேள்வி: என் மகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பியூர் சயின்ஸ் பிரிவில் பிளஸ் டூ படிக்கிறாள். தில்லிப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. ஆனர்ஸ் மானிடவியல் சேர விரும்புகிறாள். அவளுடைய மதிப்பெண் பட்டியலில் ‘உயிரியல்’ என்ற பாடமே இருக்காது என்பதால் தகுதி கிடையாது என்றும், 40,000 ரூபாய் கொடுத்தால் தகுதிச் சான்று வாங்கித் தருவதாகவும் ஒரு கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். அது நடக்காவிட்டால், வெளிநாட்டுப் பேராசிரியர்கள் பாடம் நடத்தும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கித் தருவார்களாம். 5,000 ரூபாய் முன்பணத்தோடு பத்தாம் வகுப்பு அசல் மதிப்பெண் பட்டியலையும் கொடுத்துவிட்டோம். இனி என்ன செய்வது?
— ஒரு தந்தை, நாமக்கல் மாவட்டம்

பதில்: மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவர்கள் சொல்லும் தகுதிச் சான்று என்று ஒன்று கிடையாது.

தில்லிப் பல்கலைக்கழக இளநிலைச் சேர்க்கை, தேசியத் தேர்வு முகமை நடத்தும் க்யூட் என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு நடக்கிறது. மானிடவியல் ஆனர்ஸ் அங்கே அறிவியல் படிப்பாகவே கருதப்படுவதால், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்று பாடங்களில் பெறும் மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கும். இவற்றோடு ஒரு மொழித் தாளிலும் குறைந்தபட்ச மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களையே க்யூட்டில் எழுத வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் பொது விதி.

உங்களை மிரட்ட அந்த விதியைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். நம் மாநிலத்தில் பயோ-மேத்ஸ் பிரிவில் உயிரியல் ஒரே பாடம். பியூர் சயின்ஸ் பிரிவில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்கள். க்யூட் பட்டியலில் இவை இரண்டும் தனியாக இல்லை, உயிரியல் என்ற ஒரே தாள்தான் உண்டு. படித்த பாடம் அதே பெயரில் பட்டியலில் இல்லையென்றால் அதற்கு நெருங்கிய பாடத்தை எழுதலாம் என்று பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கையேடே சொல்கிறது. உயிர்வேதியியல் படித்தவர் உயிரியல் எழுதலாம் என்று உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, தாவரவியலையும் விலங்கியலையும் முழுதாகப் படித்த உங்கள் மகளுக்கு உயிரியல் எப்படி அந்நியப் பாடமாகும்? இதே பிரிவில் படித்த பிள்ளைகள்தான் ஆண்டுதோறும் நீட் எழுதி மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள்; அவர்கள் யாரும் தரகரிடம் சான்று வாங்கிக்கொண்டு போவதில்லை. சரிபார்ப்பின்போது எவராவது கேள்வி கேட்டால் காட்டுவதற்கு, இவ்விரு பாடங்களும் சேர்ந்ததே உயிரியல் என்று பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் செலவு ஒரு வெள்ளைத்தாள். இந்த ஆண்டின் கையேட்டில் அந்தப் பத்தி அப்படியே இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. க்யூட் பட்டியலில் ‘மானிடவியல்’ என்ற பெயரிலேயே ஒரு தாள் இருப்பதைப் பார்த்துவிட்டு, மானிடவியல் சேர அதைத்தான் எழுத வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் பலர். அதற்கென்றே தனிப் பயிற்சி என்று பணம் பிடுங்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். தில்லியின் இந்தப் படிப்புக்கு அந்தத் தாள் உதவாது. மேலும், க்யூட் எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிவு செய்து, கல்லூரியையும் படிப்பையும் விருப்ப வரிசைப்படி கொடுக்க வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்கியும் இதைச் செய்யாமல் இடத்தைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. ஒரு இளநிலைப் பட்டத்தில் சேர ஒரு குடும்பம் எத்தனை தளங்களில் எத்தனை கடவுச்சொல் வைத்திருக்க வேண்டும் என்று இதை வடிவமைத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. தரகர்கள் பிழைப்பதே இந்தக் குழப்பத்தில்தான்.

இனி ஆசிரியர்கள் பற்றி. தில்லியின் மானிடவியல் துறை 1947-இல் பி. சி. பிஸ்வாஸ் தொடங்கிய பழைய துறை. ஆனால் துறையின் பக்கத்தில் உள்ள பேராசிரியர் பெயர்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அவர்களில் பலருக்கு முதுகலை மாணவர்களும் ஆய்வு மாணவர்களுமே முதல் பொறுப்பு. இளநிலை மாணவி சேர்வது கல்லூரியில். இந்தப் படிப்பைத் தரும் ஹன்ஸ்ராஜ் கல்லூரியின் ஆசிரியர் பட்டியலைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

அதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொருவரும் எதில் முனைவர் பட்டம் பெற்றார் என்பது. இளநிலையில் உயிரியல் மானிடவியல், சமூக-பண்பாட்டு மானிடவியல், தொல்பழங்காலம் ஆகிய மூன்றுக்கும் தலா ஒருவராவது இருக்க வேண்டும். எல்லோருமே சமூகவியல் முனைவர்கள் என்றால், அது மானிடவியல் என்று பெயர்ப்பலகை மாட்டிய சமூகவியல் துறை. உங்களுக்குக் காட்டப்பட்ட தனியார் பல்கலைக்கழகத்துக்கு இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். வெளிநாட்டுப் பேராசிரியர் என்று விளம்பரத்தில் வருபவர், பெரும்பாலும் எப்போதாவது இணையவழியில் ஓர் உரை நிகழ்த்திவிட்டுப் போகிறவர். வகுப்புக்கு வருகிறவர் யார், அவர் நிரந்தரப் பணியிலா ஒப்பந்தத்திலா, அடுத்த ஆண்டும் இருப்பாரா என்று கேளுங்கள். நிரந்தரப் பணியிடங்களை ஆண்டுக்கணக்கில் காலியாக வைத்துக்கொண்டு, ஓய்வு பெற்றவர்களின் படங்களை இணையதளத்தில் தொங்கவிடும் பழக்கம் அரசுப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. தரச்சான்றுக் குழு வரும் வாரத்தில்தான் அந்தப் பக்கம் திருத்தப்படுகிறது.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. நீங்கள் பார்க்கும் கல்லூரியில் இதே படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கும் யாரையாவது பிடித்து, அவருடைய செய்முறை ரெக்கார்டு நோட்டின் சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மனித உடலை அளப்பது இந்தப் படிப்பின் செய்முறைகளில் ஒன்று. உதாரணமாக, தலையின் நீளத்தை அளக்க, வளைந்த இரு கைகள் கொண்ட அளவியின் ஒரு முனையைப் புருவங்களுக்கு நடுவே மூக்குக்குச் சற்று மேலே உள்ள புள்ளியில் வைத்து, மறுமுனையைப் பின்தலையில் நகர்த்தி, அதிக அளவு எங்கே வருகிறது என்று பார்ப்பார்கள். பிறகு அகலத்தை அளந்து, அதை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கித் தலைக் குறியீட்டைக் கணக்கிடுவார்கள். உண்மையில் மனிதர்களை அளந்த நோட்டில் எண்கள் சீராக இருக்காது. அடித்தல் திருத்தல் இருக்கும், ஒரே ஆளை இரண்டாம் முறை அளந்தபோது வந்த ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். எல்லா எண்களும் அழகாக, ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தால் ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். களப்பணிக்கு எந்த ஆசிரியர் கூட வந்தார், எங்கே தங்கினார்கள் என்பதையும் அந்த மாணவரிடமே கேளுங்கள். சுற்றுலாப் பேருந்தில் போய் ஒரு நாளில் திரும்புவதைக் களப்பணி என்று சொல்ல முடியாது.

ஐ.ஏ.எஸ். ஆசை காட்டி இந்தப் படிப்பை விற்பவர்களையும் நம்ப வேண்டாம். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் மானிடவியல் விருப்பப் பாடம்தான், இரண்டு தாள்களுக்கு 500 மதிப்பெண். ஆனால் எந்தப் பட்டதாரியும் அதைத் தேர்ந்தெடுக்கலாம், பொறியியல் படித்தவர் உட்பட. இந்தத் துறையிலேயே ஆசிரியர் பணிக்கோ ஆய்வுப் பணிக்கோ போக விரும்பினால் முதுகலை தேவைப்படும். அப்போது ஊருக்குத் திரும்பி, 1945 முதல் இயங்கும் சென்னைப் பல்கலைக்கழக மானிடவியல் துறைக்கு விண்ணப்பிக்கலாம். தில்லியில் இடம் கிடைக்காவிட்டால், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் பி.எஸ்சி. ஆனர்ஸ் மானிடவியல் இருக்கிறது. அதற்கும் நேரடியாக இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுங்கள். வருமா வராதா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அசல் மதிப்பெண் பட்டியலை மட்டும் நாளைக்கே நேரில் போய் வாங்கிவிடுங்கள், தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். க்யூட் விண்ணப்பத்தை அவர்கள் ஏற்கெனவே நிரப்பியிருந்தால், அதில் யாருடைய கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றன என்று பாருங்கள். பல தரகர்கள் தங்கள் எண்ணையே கொடுத்துவிடுகிறார்கள். ஒருமுறைக் கடவுச்சொல் அவர்களுக்குப் போகும், உங்கள் மகளின் விருப்ப வரிசையைக்கூட அவர்களைக் கேட்காமல் நீங்கள் மாற்ற முடியாது. திருத்தத்துக்குத் தேர்வு முகமை தரும் அவகாசம் சில நாட்களே. எந்த விவரங்களைத் திருத்தலாம் என்பதிலும் கட்டுப்பாடு உண்டு. ஆகவே விண்ணப்பக் கடைசித் தேதி முடியும் முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.