வாய் துவர்த்தது யார் குற்றம்?

கேள்வி: பிரான்சில் இருக்கும் என் மைத்துனர் ஊருக்கு வந்தபோது போர்டோ சிவப்பு ஒயின் ஒன்று கொண்டுவந்தார். மூன்று நாள் ஃபிரிட்ஜில் வைத்திருந்து எடுத்துக் குடித்தால், பச்சை வாழைப்பூவை மென்றதுபோல வாயெல்லாம் துவர்த்துப்போனது. அவரோ அதே ஒயினில் பிளாக்கரண்ட் பழம், பென்சில் சீவல் என்று வாசனைப் பட்டியல் போடுகிறார். ஒயின் ரசனை என்பதே பணக்காரர்களின் பம்மாத்துதானே?
– வாசகர், புதுச்சேரி

பதில்: மைத்துனரை விசாரிப்பதற்கு முன்னால் உங்கள் ஃபிரிட்ஜை விசாரிப்போம். போர்டோவில், ஜிரோந்து கழிமுகத்தின் இடது கரையில் கோலோச்சும் திராட்சை காபர்னே சோவிஞ்ஞோன். தடித்த தோலும், டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறையவும் உள்ள பழம். அந்த டானின் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வாயின் வழுவழுப்பு போய், நாக்கு அண்ணத்தில் உரசுகிறது. பாக்கு மென்றாலும் கடுக்காய் கடித்தாலும் நடப்பது இதேதான். ஒயின் குளிர்ந்தால் துவர்ப்பு தூக்கலாகத் தெரியும். வாசனை மேலெழாமல் அடங்கிவிடும். ஆக, உங்களுக்குப் பிடிக்காததை மிகுதியாக்கி, பிடித்திருக்கக்கூடியதை மறைத்துவிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பருக வேண்டும் என்ற விதியை நம்பியும் ஏமாற வேண்டாம். அது கணப்பை நம்பியிருந்த பழைய பிரெஞ்சு வீட்டுக் குளிர் அறைக்குச் சொன்னது. உங்கள் ஊர் மே மாத அறையில் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் போதும். அதற்காக அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்பது குற்றமில்லை; மூன்று நாள் வைத்து, எடுத்த சூட்டில், மன்னிக்கவும், எடுத்த குளிரில் குடித்ததுதான் குற்றம். கூடவே என்ன சாப்பிட்டீர்கள் என்றும் நீங்கள் சொல்லவில்லை. போர்டோ வட்டாரத்தில் இந்த ஒயினுக்குத் துணை பொயாக் ஊர் ஆட்டுக்குட்டி இறைச்சி. டானின் அந்தப் புரதத்தோடும் ஒட்டிக்கொள்வதால் வாய் ஓரளவு தப்பிக்கிறது.

பென்சில் சீவல் போன்ற வாசனைகள் வெறும் கற்பனையா என்பதற்கு வருவோம். பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கின் வடபகுதியில் சிரா திராட்சையிலிருந்து செய்யும் ஒயினில் மிளகு மணக்கிறது என்று சுவைஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அதற்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற சேர்மம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டபோது, நம் அஞ்சறைப்பெட்டி மிளகின் மணத்துக்கும் அதுவே பொறுப்பு என்பது தெரியவந்தது. அதே ஆய்வில், முகர்ந்து பார்த்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, வெறும் நீரில் அதைத் தாராளமாகக் கலந்து கொடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. தமக்கு எட்டாத வாசனை உலகத்திலேயே இல்லை என்று அந்த ஐந்தாமவர் சாதித்தால் என்ன சொல்வீர்கள்?

பம்மாத்து இல்லவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அதை லேபிளில் தேடுங்கள் என்கிறேன். 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் பட்டியல் கேட்டபோது, போர்டோ ஒயின் தரகர்கள் திராட்சைத் தோட்டங்களை ஐந்து படிகளாக வகுத்தார்கள். அவர்கள் கையிலிருந்த முதன்மை அளவுகோல் விலை. அந்த முதல் படியில் பிற்பாடு நடந்த ஒரே மாற்றம், 1973இல் மூத்தோன் ரோத்ஷீல்டு என்ற தோட்டம் அதில் ஏறியது. மூன்றே ஆண்டுகளில், 1976 மே 24 அன்று பாரிஸில் லேபிளை மறைத்து ஊற்றிக் கொடுத்தபோது, 1970ஆம் ஆண்டு விளைச்சலில் செய்த மூத்தோன் ஒயினைத் தாண்டிக் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் முதலிடம் பெற்றது. அந்த மதிப்பெண்களைப் போட்டவர்கள் அத்தனை பேரும் பிரெஞ்சுக்காரர்கள். லேபிளைப் போலவே கண்ணும் ஏமாற்றும். 2001இல் வெளியான போர்டோ ஆய்வொன்றில், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை 54 பேரிடம் கொடுத்தபோது, அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால்தான் வருணித்தார்கள்.

மைத்துனர் அடுத்த முறை வரும்போது, இரண்டு சிவப்பு ஒயின் பாட்டில்களைத் துணி சுற்றி மறைத்துவிட்டு, கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். கோப்பையைச் சுழற்றி, வாயில் வைப்பதற்கு முன் முகர்ந்து பாருங்கள். சீடார் மரப் பென்சில் கிடைத்தால் ஒன்றைச் சீவிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போர்டோ எது என்று அவர் சரியாகச் சொல்லிவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள். தடுமாறினால், இனி விலை குறைந்த பாட்டிலே போதும் என்று சொல்லிவிடுங்கள். இருவருக்கும் செலவு மிச்சம்.