சைகை மொழிக் கதைகளுக்கு நிதி விருது: எங்கே விண்ணப்பிப்பது, என்ன எழுதுவது?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): நானும் என் தோழியும் சேர்ந்து, காது கேளாத பிள்ளைகளுக்காகச் சைகை மொழியில் அனிமேஷன் கதைகள் தயாரிக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறோம். மொத்தம் 6 பேர், அதில் 3 பேர் காது கேளாதவர்கள். தொடங்கி 3 ஆண்டுகள் ஆகின்றன. 14 பள்ளிகள் சந்தா கட்டுகின்றன. சமூகத்துக்குப் பயன்படும் படைப்புத் தொழில்களுக்கு நிதி விருதுகள் உண்டு என்று அறிந்து மூன்றுக்கு விண்ணப்பித்தோம். ஒன்று மாணவர் போட்டி, ஒன்று சுற்றுச்சூழல் விருது, ஒன்று சமூகத் தொழில்முனைவோருக்கானது. மூன்றும் முதல் சுற்றிலேயே நிராகரிக்கப்பட்டன. குறை எங்கள் வேலையிலா, எழுதிய விதத்திலா? விருதுக்காக நிறுவனத்தை லாப நோக்கமற்ற அமைப்பாக மாற்ற வேண்டுமா?

பதில்: நீங்கள் இணைத்திருந்த மூன்றாவது விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தேன். வேலையில் குறை எதுவும் தெரியவில்லை. முதல் இரண்டு நிராகரிப்புகளை மனத்தில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். மாணவர் போட்டியில் மாணவர்கள்தான் கலந்துகொள்ள முடியும். பத்து லட்சம் டாலர் தரும் ஹல்ட் பரிசு உலகப் புகழ் பெற்றது, ஆனால் அதன் வாசல் பல்கலைக்கழக மாணவர் அணிகளுக்குத்தான் திறந்திருக்கிறது. சுற்றுச்சூழல் விருதும் அப்படியே. எவ்வளவு நன்றாக எழுதினாலும் தகுதி விதிக்கு வெளியே இருக்கும் விண்ணப்பத்தை நடுவர் பார்ப்பதற்கு முன்பே எடுத்துவிடுவார்கள். யோசிக்க வேண்டியது மூன்றாவதைப் பற்றி மட்டும்தான்.

அதற்கு முன்னால் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். 'நிதி விருது' என்ற ஒரே பெயரில் நான்கு விதமான பணம் உலவுகிறது. செய்து முடித்ததற்குத் தரும் பரிசு ஒன்று. இனிமேல் செய்யப்போவதற்குத் தரும் மானியம் ஒன்று. இதற்குச் செலவுக் கணக்கு கேட்பார்கள். நிறுவனத்தை விட்டுவிட்டு ஆளை நம்பித் தருவது ஃபெலோஷிப். 1980இல் பில் டிரேட்டன் தொடங்கிய அசோகா அமைப்பும், 1987இல் தொடங்கிய எக்கோயிங் கிரீனும் இந்த வகை. நான்காவது, இளம் நிறுவனங்களுக்குச் சில மாதங்கள் பயிற்சியும் பணமும் தரும் ஆக்சிலரேட்டர் வழியாக வருவது. மேடையில் பெரிய காசோலையைக் கொடுப்பார்கள், ஒப்பந்தத்தில் நிறுவனப் பங்கில் ஒரு பகுதியைக் கேட்டிருப்பார்கள். நீங்கள் எழுதியது மானியத்துக்கு. ஆனால் உங்கள் நடையோ பரிசு கேட்பவரின் நடை. எட்டுப் பக்கத்தில் ஆறு பக்கம் இதுவரை செய்த வேலைகள். பணம் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்றரைப் பத்திதான்.

எங்கே விண்ணப்பிக்கலாம்? பெண்கள் தலைமையில் நடக்கும், லாபம் ஈட்டும் நிறுவனங்களுக்கு 2006 முதல் கார்ட்டியே விமன்ஸ் இனிஷியேட்டிவ் இருக்கிறது. சமூகத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ பயன் தரும், வருமானம் வரத் தொடங்கிய இளம் நிறுவனங்களைத் தேடுகிறார்கள். அண்மைச் சுற்றுகளில் முதல் மூன்று இடங்களுக்கு 1,00,000, 60,000, 30,000 டாலர் தந்திருக்கிறார்கள். உங்கள் நிலைக்கு இது பொருந்தும். எத்தனை ஆண்டு வருமானம் வேண்டும் என்பது போன்ற விதிகளை அந்தச் சுற்றின் அறிவிப்பில் பாருங்கள், பழைய கட்டுரைகளை நம்ப வேண்டாம். படைப்புத் தொழில்களுக்கு மட்டுமேயான போட்டிகளில், டென்மார்க்கில் பிறந்த கிரியேட்டிவ் பிசினஸ் கப் ஒன்று. அந்தந்த நாட்டுச் சுற்றில் வென்றவர்கள் உலகச் சுற்றுக்குப் போவார்கள். கலையும் தொழிலும் ஒரே ஆளிடம் இருப்பதை அங்கே விளக்க வேண்டியிருக்காது, அதுவே பெரிய நிம்மதி.

யுனெஸ்கோவின் பெயர் உங்கள் கடிதத்தில் இருந்தது. படைப்புப் பொருளாதாரத்துக்கென்று யுனெஸ்கோ வழியாக 50,000 டாலர் பரிசு ஒன்று 2021இல் முதல் முறையாக வழங்கப்பட்டது; உகாண்டாவின் மோட்டிவ் கிரியேஷன்ஸ் அதை வென்றது. இதுபோன்ற பரிசுகளுக்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. அரசோ, யுனெஸ்கோவின் அதிகாரபூர்வக் கூட்டாளியாக உள்ள அமைப்போ உங்கள் பெயரை முன்மொழிய வேண்டும். கலாச்சாரப் பன்முகத்தன்மைக்கான யுனெஸ்கோ நிதியம், வளரும் நாடுகளின் திட்டங்களுக்கு 1,00,000 டாலர் வரை தருகிறது. ஆனால் அது முக்கியமாகப் பொது நிறுவனங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்குமானது. முன்மொழிவு தேவைப்படும் விருதுகளுக்கு இப்போது செய்யக்கூடியது, முன்மொழியும் நிலையில் இருப்பவர்களுக்கு உங்கள் வேலையைக் காட்டி வைப்பதுதான். படிவம் நிரப்புவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

சரி, மூன்றாவது விண்ணப்பத்துக்கு வருகிறேன்.

நடுவர் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் சுற்றில் ஒரு விண்ணப்பத்துக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே அதிகம். அந்தப் பத்து நிமிடத்தில் என் மனத்தில் ஓடுவது ஒரே கேள்வி: இவர்களின் விற்பனை இரண்டு மடங்கானால், நல்லதும் இரண்டு மடங்காகுமா? சட்டை விற்று லாபத்தில் ஒரு பங்கை நன்கொடையாகத் தரும் நிறுவனத்தில் தொழில் ஒரு பக்கம், நன்மை இன்னொரு பக்கம். நெருக்கடி வந்தால் முதலில் நிற்பது நன்கொடைதான். உங்கள் தொழில் அப்படிப்பட்டதே இல்லை. ஒரு பள்ளி கூடுதலாகச் சந்தா கட்டினால், ஒரு வகுப்பறைப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு கதை போகிறது. காது கேளாத உங்கள் அனிமேஷன் கலைஞர்களுக்குக் கூடுதல் வேலை நேரம் கிடைக்கிறது. வியாபாரமும் மாற்றமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. இவ்வளவு நல்ல அமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதை ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்! அதுதான் முதல் பக்கத்தின் முதல் பத்தியாக இருந்திருக்க வேண்டும்.

பிரச்சினையைச் சொன்ன விதமும் பலவீனமாக இருந்தது. 'காது கேளாத பிள்ளைகளுக்கு நல்ல கதைகள் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், ஆனால் படிப்பவருக்கு அது பொழுதுபோக்குக் குறையாகத் தோன்றும். பெரும்பாலான காது கேளாத பிள்ளைகள், காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அந்தப் பெற்றோருக்குச் சைகை மொழி தெரியாது. ஆகவே மொழி வேரூன்ற வேண்டிய முதல் சில ஆண்டுகளில் பிள்ளைக்கு முழுமையான மொழி எதுவுமே கிடைக்காமல் போகலாம். அந்த இழப்பு பின்னால் வாசிப்பு, கணக்கு, நட்பு என்று எல்லாவற்றிலும் தெரியும். இதைத் தெரிந்துகொண்ட நடுவருக்கு உங்கள் கதை ஒரு வீடியோவாகத் தெரியாது, வீட்டுக்குள் மொழி நுழையும் வழியாகத் தெரியும். நீங்களே கடிதத்தின் கடைசியில், பெற்றோரும் சேர்ந்து பார்த்துச் சைகை கற்கிறார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பத்தில் அது இல்லவே இல்லை.

இனி ஆதாரம். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல நிறுவனங்கள் பல இங்கேதான் வழுக்குகின்றன. நீங்கள் தந்த எண்கள்: 120 வீடியோக்கள், 14 பள்ளிகள், இரண்டு லட்சம் பார்வைகள். இவை நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்கின்றன. பிள்ளையிடம் என்ன மாறியது என்பதைச் சொல்லவில்லை. அதற்குப் பெரிய ஆய்வு நிறுவனம் வேண்டாம். ஒரு புதிய கதையைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். பிறகு தன் சைகையில் திரும்பச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கதையில் பத்து நிகழ்வுகள் இருந்தால் எத்தனையைச் சொன்னது? வரிசை மாறாமல் சொன்னதா? 'அவன் ஏன் ஓடினான்?' என்று கேட்டால் காரணம் சொல்கிறதா? ஒரு பருவம் முடிந்ததும், அதே கடினத்தில் இதுவரை பார்க்காத வேறொரு கதையை வைத்து மறுபடி செய்யுங்கள். பழைய கதையையே காட்டினால் ஞாபகசக்தியைத்தான் அளப்பீர்கள். பதிவுகளைச் சைகை மொழி நன்கு தெரிந்த இருவர் தனித்தனியாக மதிப்பிடட்டும்; எது முதல் பதிவு, எது பிந்தையது என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. 25, 30 பிள்ளைகள் போதும். பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பிள்ளைகளின் முகத்தை விண்ணப்பத்தில் காட்டுவதற்கு அந்த ஒப்புதல் போதாது, தனியாகக் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் ஒரு பருவத்தில் எப்படியும் வளர்வார்கள் அல்லவா, அது உங்களால்தான் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று நடுவர் கேட்பார். நியாயமான கேள்வி. அடுத்த பருவத்தில் சேரவிருக்கும் பள்ளி ஒன்றில், சேர்வதற்கு முன்பே, இதே சோதனையை இதே இடைவெளியில் இரண்டு முறை செய்து ஒப்பிடுங்கள். அவர்கள் எப்படியும் கதைகளைப் பெறப்போகிறவர்கள், யாருக்கும் எதையும் மறுக்கவில்லை. வித்தியாசம் சிறியதாக வந்தால் சிறியது என்றே எழுதுங்கள். நேர்மையான சிறிய எண் என்னைப் பலமுறை ஒரு விண்ணப்பத்தின் பக்கம் சாய்த்திருக்கிறது.

ஐ.நா.வின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்பதின் சின்னங்களை வரிசையாக ஒட்டியிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். இரண்டு போதும், அதுவும் துணை இலக்கின் எண்ணோடு: மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான கல்வி வாய்ப்பைப் பேசும் 4.5, அவர்களுக்குக் கண்ணியமான வேலையைப் பேசும் 8.5. அளவுகோல்களின் பெயர்கள் தடுமாற வைத்தால் ஐரிஸ் பிளஸ் என்ற பட்டியலைப் பாருங்கள். முதலீட்டாளர்கள் சமூகப் பயனை அளக்கப் பயன்படுத்தும் பொதுவான அளவுகள் அதில் இருக்கின்றன. பார்க்கக் கட்டணம் கிடையாது.

உங்களைச் சங்கடப்படுத்தக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். காது கேளாத மூவரும் உங்கள் விண்ணப்பத்தில் படமாக இருக்கிறார்கள், குரலாக இல்லை. கதையைத் தேர்ந்தெடுப்பது யார்? ஒரு சைகை சரியில்லை என்று வீடியோவை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? அது அவர்களிடம் இருந்தால் அதைப் பெயரோடும் பதவியோடும் எழுதுங்கள். இல்லையென்றால் விருதுக்காக இல்லாவிட்டாலும் அதை மாற்ற வேண்டும். அறிமுக வீடியோவில் அவர்களே சைகையில் பேசட்டும், எழுத்து கீழே வரட்டும். அந்த வீடியோவுக்கு வேறு அலங்காரம் தேவையில்லை.

அடுத்து பட்ஜெட். 'விரிவாக்கம்' என்ற ஒரே தலைப்பில் மொத்தத் தொகையில் பாதியைப் போட்டிருந்தீர்கள். ஒரு கதைக்கு ஆகும் செலவு, ஒரு பள்ளியைச் சேர்க்க ஆகும் செலவு, ஒரு பள்ளியிடமிருந்து ஆண்டுக்கு வரும் சந்தா என்ற மூன்று எண்களும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். எத்தனை பள்ளிகள் சேர்ந்தால் விருதுப் பணம் இல்லாமலே நிறுவனம் நிற்கும் என்பது அவற்றிலிருந்து தானாக வரும். நடுவர் முதலில் தேடும் எண் அதுதான். அப்புறம், வேறு நாடுகளுக்கும் கொண்டுபோவோம் என்று எளிதாக எழுதியிருக்கிறீர்கள். சைகை மொழி உலகுக்கெல்லாம் ஒன்று கிடையாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பேச்சில் ஒரே ஆங்கிலம் வழங்கும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும்கூடச் சைகை மொழிகள் வெவ்வேறு. ஒவ்வொரு நாட்டுக்கும் புதிய கலைஞர்கள், புதிய சரிபார்ப்பு, அநேகமாகக் கதாபாத்திரத்தின் கையசைவைப் புதிதாக வரைவது வரை போகும். அந்தச் செலவைக் காட்டாத கனவு, விவரம் தெரிந்த நடுவரிடம் உங்கள் மதிப்பைக் குறைக்கும். பள்ளிகள் 14இலிருந்து 40 ஆகும் வழியை முதலில் உறுதியாகச் சொல்லுங்கள்.

விருது கிடைத்தால் கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை சில. பணம் முன்பே வருமா, செலவழித்து ரசீது காட்டிய பிறகா? எனக்குத் தெரிந்த ஒரு குழு இதைக் கேட்காமல் கையெழுத்திட்டது. முதல் தவணை வரும் வரை சம்பளம் கொடுக்க வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். இணைநிதி என்ற பெயரில் உங்கள் பங்காக ஒரு தொகை கேட்கிறார்களா? கதாபாத்திரங்களின் உரிமை யாரிடம் இருக்கும்? படைப்புத் தொழிலில் உங்கள் உண்மையான சொத்து அதுதான், விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் அனுமதி என்பதைத் தாண்டி எதையும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டுப் பணத்தைப் பெறும் விதியும், விருதுத் தொகைக்கான வரியும் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் தணிக்கையாளரிடம் விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள், வென்ற பிறகு கேட்டால் தாமதமாகிவிடும். 'நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், விழா மேசைக்குப் பணம் கட்டுங்கள்' என்று வரும் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள்.

லாப நோக்கமற்ற அமைப்பாக மாற வேண்டுமா என்றீர்கள். இப்போது வேண்டாம். 14 பள்ளிகள் பணம் கட்டுகின்றன என்பதே உங்கள் விண்ணப்பத்தின் முதுகெலும்பு. பதிவை மாற்றினால் கார்ட்டியே போன்ற வாசல்கள் மூடிவிடும், பங்கு முதலீடு பெறும் வழியும் அடைபடும். தொண்டு அமைப்புகளுக்கு மட்டுமே தரும் மானியம் ஒன்று உங்களுக்குச் சரியாகப் பொருந்தினால், ஏற்கெனவே பதிவுள்ள காது கேளாதோர் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து, அவர்கள் விண்ணப்பதாரராகவும் நீங்கள் தயாரிப்பாளராகவும் போகலாம். யாருக்கு எவ்வளவு, கதையின் உரிமை யாருக்கு என்பதை மட்டும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது விருதுக்காரர்களிடம் நடுவர் குறிப்புகளைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பலர் தருவார்கள், கேட்பவர்கள்தான் குறைவு. ஒரு நல்ல விண்ணப்பத்துக்கு 40 மணி நேரமாவது ஆகும் என்று வைத்துக்கொண்டு, இந்த ஆண்டு இரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். அடுத்த பருவத்தில் மூன்று புதிய பள்ளிகள் சேர்வதாக எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அவர்களுக்குக் கடவுச்சொல் அனுப்புவதற்கு முன்பு அந்தப் பிள்ளைகளின் முதல் பதிவை எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு கதையைப் பார்த்துவிட்டால்கூட அந்தத் தொடக்க அளவு பிறகு கிடைக்காது.