எக்ஸ்சேஞ்ச்ல (மைக்ரோசாஃப்ட்டோட மெயில் சர்வர்) ஒருத்தரை அட்மின் குரூப்ல இருந்து எடுத்தும் அவருக்கு பவர்ஷெல் செஷன் (கமாண்ட் அடிச்சு சர்வரை மேனேஜ் பண்ற விண்டோ) ஓபன் ஆகுதுன்னு கேட்டவருக்கு

குரூப்ல இருந்து எடுத்தா மட்டும் கனெக்ட் ஆகுறது நிக்காது, அதுக்கு யூசர் அக்கவுண்ட்லயே தனியா ஒரு செட்டிங் இருக்கு. செட்-யூசர் கமாண்ட்ல அவர் ஐடியைக் கொடுத்து ரிமோட்பவர்ஷெல்எனேபிள்ட்ங்கிற பராமீட்டரை ஃபால்ஸ்னு போடுங்க, அவ்வளவுதான்.

எக்ஸ்சேஞ்ச் 2013, 2016, 2019 எல்லாத்துலயும் இது டீஃபால்ட்டா எல்லாருக்கும் ட்ரூதான். ஆர்கனைசேஷன் மேனேஜ்மென்ட்ங்கிற அட்மின் குரூப் முடிவு பண்றது உள்ள போய் என்னென்ன கமாண்ட் ஓட்டலாம்ங்கிறதை, உள்ள வரலாமா வேண்டாமாங்கிறதை இல்ல. அதனாலதான் அவருக்கு செஷன் ஓபன் ஆகுது. ஆனா பெருசா ஒண்ணும் பண்ண முடியாது, சொந்த மெயில்பாக்ஸ் சம்பந்தப்பட்ட சில கமாண்ட்தான் தெரியும், அதனால ரொம்பப் பதற வேண்டாம்.

முதல்ல கெட்-யூசர் போட்டு அந்த பராமீட்டர் இப்ப என்ன வேல்யூ காட்டுதுன்னு பாருங்க. மாத்தினதுக்கு அப்புறம் அவர் ஐடியிலயே புது விண்டோ திறந்து கனெக்ட் பண்ணிப் பாருங்க, ஆக்சஸ் டினைட் வந்தா சரி. பழைய விண்டோவை வச்சு டெஸ்ட் பண்ணாதீங்க.

மொத்தமா எல்லாருக்கும் ஆஃப் பண்ற ஐடியா இருந்தா உங்க அட்மின் அக்கவுண்டை லிஸ்ட்ல இருந்து வெளிய எடுத்துட்டு ஓட்டுங்க, ஏன்னா சர்வர்லயே உக்காந்து மேனேஜ்மென்ட் ஷெல் திறந்தாலும் அதுவும் உள்ளுக்குள்ள ரிமோட் பவர்ஷெல் வழியாத்தான் போகுது, எல்லா அட்மினும் ஃபால்ஸ் ஆயிட்டா திரும்ப ட்ரூ போடவே அல்லாடணும். வேற ஒரு அட்மின் ஐடியையும் ட்ரூவா விட்டு வைங்க.

நீங்க சொல்றது சொந்த சர்வர் இல்லாம மைக்ரோசாஃப்ட் கிளவுட்ல ஓடுற எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன்னா பராமீட்டர் பேரு வேற, அங்க ஈஎக்ஸ்ஓமாட்யூல்எனேபிள்ட்.