கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்

மதுரையில் 31 ஆண்டுகள் ரிப்பேர் கடை நடத்தி ஓய்வு பெற்றவர், வீட்டுச் சாதனங்கள், வண்டிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

எங்கள் வீட்டு ஏ.சி.க்குச் சித்திரை பிறந்தால் கேஸ் அடிக்க வேண்டியிருக்கிறது. மூன்று வருடமாக இதே கதை. இந்த முறை 3,200 ரூபாய். வருகிறவரைக் கேட்டால் "கேஸ் குறைவது சகஜம்தான் மேடம்" என்கிறார். அப்படியா?
வாசகி, தூத்துக்குடி

சகஜம் இல்லை அம்மா. ஏ.சி.யில் இருக்கும் கேஸ், வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகும் சாமான் கிடையாது. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து வருடம் கழித்தும் முதல் நாள் இருந்த அளவே இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையை மூன்று வருடமாக யாரும் தேடவில்லை. அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வருகிறவர் சிலிண்டரைத் திறப்பதற்கு முன்னால் லீக்கைத் தேட வேண்டும். செப்புக் குழாய் யூனிட்டோடு சேரும் இடத்தில் பித்தளை நட்டு இருக்கும். ஃப்ளேர் நட்டு என்போம். முக்கால்வாசி லீக் அங்கேதான் இருக்கும் என்பது என் அனுபவம். சோப்பு நுரையைத் தடவினால் குமிழ் விட்டுக் காட்டிக்கொடுக்கும். இன்னொரு அடையாளம், எண்ணெய்க் கறை. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் சுற்றி வருவதால், கசிகிற இடத்தில் பிசுபிசுவென்று தூசி படிந்திருக்கும். உங்கள் ஊரில் கடல் காற்று வேறு. உப்பு படிந்து அவுட்டோர் யூனிட்டின் குழாய்ச் சுருளைச் சீக்கிரம் அரித்துவிடும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். எதிலும் தெரியவில்லை என்றால் நைட்ரஜன் ஏற்றி, பிரஷர் இறங்குகிறதா என்று சில மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஓட்டையை அடைத்த பிறகு வாக்யூம் பம்பு போட்டுக் குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் கேஸ். அதையும் தராசில் எடை வைத்து ஏற்ற வேண்டும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. ஆர்-32 என்றோ ஆர்-410ஏ என்றோ போட்டிருக்கும். வருகிறவர் தராசு கொண்டுவந்திருக்கிறாரா என்று பாருங்கள். கொண்டுவரவில்லை என்றால் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

குறைந்த கேஸோடு ஓட்டுவதில் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. கம்ப்ரஸரின் மோட்டாரைக் குளிரவைப்பதே திரும்பி வருகிற கேஸ்தான். அது குறைந்தால் கம்ப்ரஸர் சூடாகி ஒரு நாள் நின்றுவிடும். என் கடைக்கு ஓர் ஆசிரியர் நான்கு வருட கேஸ் பில்லை வரிசையாகப் பின் அடித்துக் கொண்டுவந்தார். லீக் இருந்தது ஒரே ஒரு நட்டில்தான். குழாயின் நுனியை வெட்டி மறுபடி விரித்துப் பொருத்த அரை மணி நேரம் ஆனது. ஆனால் அதற்குள் கம்ப்ரஸர் போய்விட்டிருந்தது. அந்த மனிதர் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பில்லையே பார்த்துக்கொண்டிருந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது மிக்ஸி நின்றுவிட்டது. கடையில் மோட்டார் போய்விட்டது, 1,800 ரூபாய் ஆகும் என்கிறார்கள்.
வாசகி, திண்டுக்கல்

மிக்ஸியைக் கவிழ்த்து அடியில் பாருங்கள். சிவப்பு பொத்தான் ஒன்று இருக்கும். சுமை அதிகமானால் மோட்டாரைக் காப்பாற்ற அது தானே வெளியே வந்து கரன்ட்டைத் துண்டித்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் ஆறவிட்டு, அதை உள்ளே அழுத்தி ஓட்டிப் பாருங்கள். மறுபடி நின்றால், காலி ஜாரைக் கையில் எடுத்து அடியில் இருக்கும் கப்ளரைச் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். இறுகியிருந்தால் தவறு ஜாரின் புஷ்ஷில், அதாவது பிளேடின் தண்டு சுற்றும் சின்ன வளையத்தில், மோட்டாரில் இல்லை. புஷ் மாற்றினால் போதும். எரிந்த வாடை பலமாக வந்து, பொத்தானை அழுத்தியும் அசையவில்லை என்றால் மட்டும் கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். அப்போதும் மோட்டாருக்குள் கரன்ட்டைக் கொண்டுபோகும் கார்பன் பிரஷ்ஷை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வாட்டர் பியூரிஃபையர் விற்க இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். இரண்டு கிளாஸில் தண்ணீர் வைத்து, ஒரு கருவியின் கம்பிகளை விட்டு கரன்ட் கொடுத்தார்கள். எங்கள் குழாய்த் தண்ணீர் துருப்பிடித்த மாதிரி பழுப்பாகி, மேலே கசடு மிதந்தது. அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. மாமியார் பயந்துபோய் 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டார். மீட்டரில் எங்கள் தண்ணீர் 210 காட்டியது. என்ன செய்வது?
வாசகி, ஸ்ரீரங்கம்

உங்கள் மாமியார் மேல் கோபப்படாதீர்கள். அந்தக் காட்சியைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். பேரப்பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் என்று நினைத்திருப்பார்.

அந்தக் கசடு உங்கள் தண்ணீரிலிருந்து வந்தது இல்லை. கம்பியிலிருந்து வந்தது. கருவியில் இருப்பது இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும். தண்ணீரில் இயல்பாக இருக்கும் உப்புகள் கரன்ட்டைக் கடத்துகின்றன. கரன்ட் போகும்போது இரும்புக் கம்பி கரைந்து, துருவாகி, கிளாஸ் முழுக்கப் பரவுகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கரன்ட் சரியாகப் போகாது, அதனால் கம்பி கரையாது. நிரூபிக்க ஒரு வழி சொல்கிறேன். மறுபடி வருவார்கள் அல்லவா, அப்போது அவர்களுடைய ஆர்.ஓ. தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கம்பிகளை விடச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னாலேயே பழுப்பாகும். மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் காட்டிய 210 என்பது டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் மில்லிகிராம் அளவு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 வரை ஏற்கிறது. வேறு வழியில்லாத இடங்களில் 2,000 வரை அனுமதிக்கிறது. 210 நல்ல தண்ணீர். ஆர்.ஓ. உங்களுக்குத் தேவையில்லை. ஒரு லிட்டர் கொடுக்க அது இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். அந்த மீட்டர் கிருமியைக் காட்டாது. 50 காட்டும் தண்ணீரிலும் கிருமி இருக்கலாம். அதற்குக் கொதிக்கவைத்துக் குடித்தாலே போதும். அலுப்பாக இருந்தால் யு.வி. விளக்கு உள்ள சாதாரண ஃபில்டர் வாங்குங்கள். உங்கள் உறவினர் யாராவது போர் தண்ணீர் குடிக்கிறார்கள், மீட்டர் 1,400 காட்டுகிறது என்றால் அவர்கள் ஆர்.ஓ. வாங்குவதில் தப்பே இல்லை.

முன்பணத்துக்கு ரசீது இருக்கிறதா? இருந்தால் வேண்டாம் என்று இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். போனில் சொன்னது நிற்காது.

என் ஸ்கூட்டர் 2016 மாடல். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தது இப்போது 36தான் கொடுக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று மெக்கானிக் சொல்கிறார்.
வாசகர், கரூர்

பாதி உண்மை தம்பி. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. நூற்றுக்கு இருபது கலந்தால் கணக்குப்படி ஆறு ஏழு சதவீதம் இழப்பு. மத்திய அரசின் நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, பழைய வடிவமைப்பு கார்களுக்கு 6-7 சதவீதமும் இரு சக்கர வண்டிகளுக்கு 3-4 சதவீதமும் குறையும் என்று சொன்னது. அதிகபட்சமாக ஏழு என்று வைத்தாலும் 45 என்பது 42க்குத்தான் இறங்க வேண்டும். உங்களுக்கு இருபது சதவீதம் குறைந்திருக்கிறது. மீதியை பெட்ரோல் மேல் போட்டுவிட்டு மெக்கானிக் வேலையை முடித்துக்கொள்ளக் கூடாது. ஏர் ஃபில்டர், டயர் காற்று, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா, வால்வு இடைவெளி, இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கரத்தை ஸ்டாண்டு போட்டுக் கையால் சுற்றினாலே பிரேக் சங்கதி தெரிந்துவிடும்.

2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் ரப்பர் பாகங்கள் இந்தக் கலவையைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. உங்களுடையது அதற்கு முந்தியது. பெட்ரோல் ஹோஸ் வெடித்திருக்கிறதா, ஊறி மெத்தென்று ஆகியிருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பாருங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதனால் அரை டேங்கோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைக்காதீர்கள்.

இவ்வளவையும் வண்டி வாங்கியவர்களுக்குப் பெட்ரோல் பங்க்கிலேயே ஒரு பலகையில் எழுதி வைத்திருக்கலாம். பழைய வண்டிக்காரருக்குத் தேர்ந்தெடுக்கப் பெரும்பாலான இடங்களில் வேறு பெட்ரோல் இல்லாதபோது, என்ன ஆகும் என்றாவது சொல்ல வேண்டாமா?

புது காரில் ஏ.சி.யைக் கூட்டிக் குறைக்கக்கூட டச் ஸ்கிரீனைத் தடவ வேண்டியிருக்கிறது. எனக்கு மட்டும்தான் இது கஷ்டமா?
வாசகர், சேலம்

இல்லை. பொத்தானை விரல் பார்க்கும், ஸ்கிரீனைக் கண்தான் பார்க்க வேண்டும். கண் இருக்க வேண்டிய இடம் ரோடு. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ லீவரோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று வைத்திருக்கிறது. அடுத்து கார் பார்க்கப் போகிறவர்கள் ஷோரூமில் கண்ணை மூடிக்கொண்டு ஏ.சி.யைக் குறைக்க முடிகிறதா என்று சோதித்துவிட்டு வாங்குங்கள்.

ஃபிரிட்ஜ் வாங்கி எட்டு மாதம். மூன்று முறை எலக்ட்ரானிக் போர்டு மாற்றிவிட்டார்கள், மறுபடி நின்றுவிட்டது. கடையில் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள். கம்பெனிக்குப் போன் செய்தால் "புகார் முடிக்கப்பட்டது" என்று மெசேஜ் வருகிறது. எதைச் செய்தாலும் பலனில்லை.
வாசகர், திருநெல்வேலி

பலன் இருக்கிறது. ஆனால் முதலில் பீரோவைத் திறந்து பில்லை எடுங்கள். கடையில் கொடுக்கும் வழுவழுப்பான தாளில் எழுத்து ஒரே வருடத்தில் மறைந்துபோகும். இன்றே போட்டோ எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டு வையுங்கள்.

அடுத்து ஜாப் ஷீட். ஒவ்வொரு முறை வந்தவரும் என்ன கோளாறு, எந்த பாகம் மாற்றினார் என்று எழுதிக் கொடுத்தாரா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, அதனால் வாங்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஆசான், கழற்றிய பாகத்தைச் செய்தித்தாளில் மடித்து, தேதி எழுதி, சாமானோடு சேர்த்துக் கட்டித்தான் வாடிக்கையாளரிடம் கொடுப்பார். ஐந்து ரூபாய் ஃபியூஸாக இருந்தாலும் சரி. "அவங்க காசு போட்ட பொருள்டா அது" என்பார். வாரன்டியில் மாற்றும்போது பழைய போர்டைக் கம்பெனி எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படியென்றால் அதை போட்டோ எடுத்து, போர்டு நம்பரை ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்று முறை நிஜமாகவே போர்டு மாறியதா என்பதற்கு அந்த நம்பர் மட்டுமே சாட்சி. நீங்கள் காசு கொடுத்து மாற்றும் நாளில் பழையதைக் கையில் வாங்காமல் விடாதீர்கள்.

மூன்று போர்டும் போகிறது என்றால் காரணம் போர்டுக்கு வெளியே இருக்கலாம். வீட்டு வோல்டேஜை ராத்திரியில் அளந்து பாருங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பக்கம் குறை இல்லை என்று ஆன பிறகு 1915க்குப் போன் செய்யுங்கள். அது மத்திய அரசின் நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். புகார் எண் கொடுப்பார்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். கடைக்காரர், கம்பெனி இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள், அப்போது ஒருவர் மற்றவரைக் கைகாட்ட முடியாது. பிரச்சினை ஏற்பட்டு இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு நேரம் இருக்கிறது.

நான்காவது முறை ஆள் வரும்போது வேலை முடிந்ததாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்பார். ஃபிரிட்ஜ் ஒரு ராத்திரி ஓடி, ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் உறையும் வரை அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். சொன்ன அடுத்த நிமிடம்தான் "புகார் முடிக்கப்பட்டது" என்ற மெசேஜ் புறப்படுகிறது.